முற்றத்தில் தொடங்கும் கல்வி

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் முன்னோர் வாக்கு. குழந்தையை அடக்கி வளர்ப்பதற்குச் சான்றாகவே பலரும் இதனை எடுத்தாள்கின்றனர். உண்மையில் இப்பழமொழி சுட்டுவது இளமையின் நெகிழ்ச்சியை. மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பகுதி ஆறு வயதிற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எடுத்துரைக்கிறது. அவ்வாறாயின், பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் கல்வி தொடங்குகிறது என்று எண்ணுவது பொருந்துமா? அதற்கு முந்தைய ஆண்டுகளில் குழந்தைக்கு வேண்டுவது யாது? அதனை அளிப்பவர் யார்? பெங்களூரு மாநகரை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வோம்.

முதற் பள்ளி

தமிழில் பிள்ளைத்தமிழ் என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. அது குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, நாவசைத்து ஒலியெழுப்பும் தால், கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை அழைக்கும் அம்புலி என அது வளர்கிறது. இன்றைய குழந்தை மருத்துவர் கைக்கொள்ளும் வளர்ச்சிப் படிகளோடு இவ்வரிசை பெரிதும் ஒத்துச் செல்வது வியப்பிற்குரியது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் பெரியவர் ஒருவர் குழந்தையை நோக்கிப் பேசுகிறார். 'ஆடுக', 'கொட்டுக', 'வருக' என்று அழைக்கிறார். குழந்தை ஒலியெழுப்ப, தாய் மறுமொழி கூற, அது கேட்டுக் குழந்தை மீண்டும் ஒலியெழுப்புகிறது. இந்த மாற்றுரையாடலே மொழிக்கும் சிந்தனைக்கும் அடித்தளம் இடுகிறது என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து. குழந்தையோடு பேசுவாரின்றி ஒளித்திரை மட்டுமே பேசுமாயின் இப்பயன் கிட்டாது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்பட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

உணவிலும் இதே இசைவைக் காணலாம். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது மருத்துவ நெறி. ஆறாம் மாதத்தில் சோறூட்டும் அன்னப்பிராசனம் நம் மரபு.

ஆறு மாதத்திற்குப் பின்

இங்குதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. பெங்களூரு நாட்டின் பெரிய ஆயத்த ஆடை உற்பத்தி மையங்களுள் ஒன்று. பீன்யா, பொம்மனஹள்ளி முதலிய பகுதிகளின் ஆலைகளில் பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள். கட்டடப் பணிகளுக்கோ வட கர்நாடகத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து தங்குகின்றன. பாட்டியும் அத்தையும் ஊரில் இருக்க, கைக்குழந்தை மட்டும் தாயுடன் நகருக்கு வந்துவிடுகிறது.

முப்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் உள்ள ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தி, ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. எனினும் வீட்டு வேலை செய்யும் தாய்க்கும் சித்தாளாக உழைக்கும் தாய்க்கும் இச்சட்டங்களின் நிழல் எளிதில் எட்டுவதில்லை.

அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி மூன்று வயது நிரம்பிய குழந்தைகளுக்கே உரியது. அதனினும் இளைய குழந்தைக்கு அங்கே தடுப்பூசியும் ஊட்ட உணவும் கிடைக்கும். நாள் முழுதும் இருக்க இடம் கிடைப்பது அரிது. ஆகவே ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையைப் பல இல்லங்களில் அதன் மூத்த சகோதரியே பார்த்துக்கொள்கிறாள். ஒரு குழந்தையின் பராமரிப்புக்காக மற்றொரு குழந்தையின் படிப்பு நின்றுபோகிறது. கிராமப்புறத் தாய்மார்க்கென 'கூசின மனெ' என்னும் குழந்தைகள் இல்லத் திட்டத்தைக் கர்நாடக அரசு 2023இல் அறிவித்தது. ஆயினும் நகரத்துத் தாயின் தேவையும் அதே அளவினது.

முற்றமும் விளையாட்டும்

மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றிருந்த ஏழைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காகத் தோன்றிய முறை அது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அம்மையார், போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். காலப்போக்கில் அவர் பெயர் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகைக்கு உரியதாயிற்று.

'அங்கன்வாடி' என்ற சொல்லுக்கு முற்றத்துத் தோட்டம் என்பது பொருள். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் அம்மையார், குழந்தைகள் பள்ளிக்கு வராவிடில் பள்ளி அவர்கள் முற்றத்திற்குச் செல்லட்டும் என்ற நோக்குடன் இதனை உருவாக்கினார். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் அதற்குத் தேர்வு பெற்றது மைசூரு மாவட்டத்தின் தி. நரசிபுரம். 2024இல் பெங்களூரின் 250 அங்கன்வாடிகளை அரசு மாண்டிசோரிகளாக மேம்படுத்தும் பணியைக் கர்நாடக அரசு தொடங்கியது. ஏழையின் குழந்தைக்காகப் பிறந்த முறை, ஏழையின் முற்றத்தை மீண்டும் நாடி வந்தது.

பெயர் மாற்றம் மட்டும் போதாது. எடை பார்த்தல், உணவு வழங்கல், பதிவேடு எழுதுதல், கணக்கெடுப்பு என அங்கன்வாடிப் பணியாளரின் சுமை பெரிது. குழந்தையுடன் அமர அவருக்கு நேரம் கிடைத்தால்தான் கல்வி நடைபெறும்.

அக்கல்வி எழுத்துப் பயிற்சி அன்று. மணலைக் கோப்பையில் நிரப்பிக் கொட்டும் குழந்தை அளவை அறிகிறது. புளியங்கொட்டைகளைப் பிரித்து அடுக்குகையில் எண்ணும் வகையும் புலப்படுகின்றன. மண் பிசையும் விரல்களே பின்னர் எழுதுகோலைப் பற்றும் வலிமை பெறுகின்றன. மூன்று வயதில் எழுதுமாறு வற்புறுத்துவது, காய்ப்பதற்குமுன் பூவைப் பறிப்பதை ஒக்கும்.

நாம் செய்யத்தக்கவை

1. நாள்தோறும் அரைமணி நேரமேனும் கைப்பேசியை அப்பால் வைத்துக் குழந்தையுடன் பேசுவோம். அது சொல்லி முடிக்கும் வரை காத்திருப்போம்.

2. இல்லத்தில் தாய்மொழியையே பேசுவோம். தமிழ் பேசி வளரும் குழந்தை அங்கன்வாடியில் கன்னடத்தை விளையாட்டின் வழியே எளிதில் கற்றுக்கொள்ளும். ஒன்று மற்றொன்றிற்குத் தடையாகாது.

3. அருகிலுள்ள அங்கன்வாடிக்குச் சென்று, அங்குள்ள தேவையைப் பணியாளரிடமே கேட்டறிவோம். கதை சொல்லவும் பாடவும் வல்ல முதியோர் அவர் இசைவுடன் வாரம் ஒரு நாள் உதவலாம்.

4. நம் இல்லத்தில் பணிசெய்யும் அம்மையாரின் குழந்தை அந்நேரத்தில் எங்கே, யாருடன் இருக்கிறது என்று வினவுவோம். விடை மனநிறைவளிக்காவிடில், அவர் வேலை நேரத்தை மாற்றியமைப்பதும், குழந்தைக்கு நம் முற்றத்திலேயே இடமளிப்பதும் நம்மால் இயலக்கூடிய சேவையே.

சிந்தனைக்கு: நம் குழந்தை நிம்மதியாக விளையாடும் வேளையில், அதனைப் பேணுவோரின் குழந்தை எவ்வாறு வளர்கிறது?