எதை வைத்துச் சொல்கிறாய்?

செம்பட்டியில் நான் நடத்தும் கேம் சென்டர் ஒரே அறைதான். இரண்டு பிளேஸ்டேஷன், மணிக்கணக்கில் வாடகை. திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று சாலைகள் பிரியும் ஊர் இது. பஸ் மாறி வீட்டுக்குப் போகும் காலேஜ் பையன்கள், ஷிப்ட் முடிந்து வரும் மில் தொழிலாளிகள் என்று பல ஊர் ஆட்கள் வந்து உட்காருவார்கள். ஆட்டம் நடக்கும் அளவுக்குப் பேச்சும் நடக்கும். அடுத்து என்ன கேம் வரும், எப்போது வரும், நம் கன்சோலில் ஓடுமா, விலை என்ன இருக்கும் என்பதுதான் பேச்சு. நான் அதை வெட்டிப் பேச்சாக நினைத்ததே இல்லை. எந்த கேமுக்குப் பணம் ஒதுக்குவது என்று என்னை முடிவெடுக்க வைப்பதும், ஒரு செய்தியை எப்படி எடைபோடுவது என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்தப் பேச்சுதான். அதில் எனக்குத் தேறியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கணிப்பை எழுதி வையுங்கள்

எங்கள் அறையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு நான்கு கட்டம்: யார் சொன்னது, எந்த கேம், எந்த மாதம், எதை வைத்து. கணிப்பு பலித்தால் ஒரு மணி நேரம் இலவசமாக ஆடலாம். தவறினால் யாரும் எதுவும் தர வேண்டாம். காசு வைத்துப் பந்தயம் கட்ட மட்டும் விடமாட்டேன்.

நோட்டுக்கு உயிர் நான்காவது கட்டம்தான். 2024 கடைசியில் ஒரு மாலை, பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் போனை நீட்டிக்கொண்டே வந்தான்.

“அண்ணே, ஜிடிஏ சிக்ஸ் ரெண்டாவது ட்ரெய்லர் நவம்பர்ல வருதுண்ணே. கன்ஃபார்ம்.”

“எதை வச்சுச் சொல்ற?”

“அதைச் செய்ற ராக்ஸ்டார் கம்பெனி போட்ட படத்துல நிலா இருக்குல்ல, அந்தப் பிறையும் அன்னைக்கு வானத்துல வர்ற பிறையும் ஒண்ணுண்ணே.”

“சரி, அதையே எழுது.”

பேனாவை வாங்கி “நிலா” என்று எழுதிவிட்டு, அவனே ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். உலகம் முழுக்க ரசிகர்கள் அப்போது அந்த நிலாவைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நவம்பர் போயே போய்விட்டது. ட்ரெய்லர் 2025 மே 6-ஆம் தேதி முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. ‘நிலா’ என்று எழுதிய அந்தத் தம்பிதான் இன்று யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் நான்காவது கட்டத்தைக் காட்டுகிறான்.

ஆவணத்தையும் ஆசையையும் பிரியுங்கள்

எல்லா வதந்தியும் ஒரே எடை இல்லை. ஒரு கேம் கடைக்கு வருமுன் பல நாடுகளில் வயதுச் சான்று வாங்க வேண்டும். தென்கொரியாவின் தரச்சான்று வாரியம் கொடுக்கும் சான்றுகளில் பல கேம்களின் பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. வணிகக்குறி விண்ணப்பம், நிறுவனத்தின் வேலைவாய்ப்பு அறிவிப்பு ஆகியவையும் இதே வகைதான். இவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் கையெழுத்து இருக்கிறது. ஆகவே, ‘என் நண்பனுக்குத் தெரிந்தவர் அங்கே வேலை பார்க்கிறார்’ என்பதைவிட இவை கனமானவை.

ஆனால் ஆவணம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2023-இல் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ கேமுக்குக் கொரியாவில் புதிதாகச் சான்று கிடைத்தது. 2010-இல் வந்த கேமை முழுக்கப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று ரசிகர்கள் கோட்டை கட்டினார்கள். ஆகஸ்டில் வந்தது அதே பழைய கேம்தான், பிஎஸ்4-இலும் ஸ்விட்ச்சிலும் ஓடும்படி மாற்றியிருந்தார்கள், அவ்வளவே. விலை 50 டாலர் என்றதும் பலர் கொதித்தார்கள். சான்று சொன்னது உண்மை. மீதியைச் சேர்த்தது ரசிகர்களின் ஆசை. எங்கள் நோட்டில் இந்த இரண்டையும் இப்போது தனித்தனி வரியாக எழுதச் சொல்கிறேன்.

கம்பெனி எப்போது பேசும் என்று பாருங்கள்

பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை முதலீட்டாளர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பெரிய கேம் எந்த ஆண்டுக் கணக்கில் விழும் என்பது அவர்களுக்கு முக்கியமான கேள்வி. சோனி, நிண்டெண்டோ, ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ ஆகிய மூன்றுக்கும் நம்மைப் போலவே மார்ச் 31-தான் கணக்கு முடியும் நாள். ஜிடிஏ 6 தேதியை 2026 நவம்பர் 19-க்குத் தள்ளிய அறிவிப்பு, 2025 நவம்பர் 6-ஆம் தேதி காலாண்டுக் கணக்கோடு சேர்ந்தே வந்தது. இதோடு ஜூன் மாத சம்மர் கேம் ஃபெஸ்ட், டிசம்பர் மாத கேம் அவார்ட்ஸ், இடையிடையே சோனியின் ஸ்டேட் ஆஃப் பிளே, நிண்டெண்டோவின் டைரக்ட் ஆகிய அறிவிப்பு நிகழ்ச்சிகளையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் வரும் பரபரப்பில் பாதியை அப்படியே விட்டுவிடலாம்.

தேதி வந்தாலும் பணம் கையில் இருக்கட்டும்

புது கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. எங்கள் பக்கத்தில் அது பல பேருக்கு ஒரு வாரச் சம்பளம். அதனால் முன்பதிவு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். ‘சைபர்பங்க் 2077’ கதையைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 16 என்றார்கள், பிறகு செப்டம்பர் 17, பிறகு நவம்பர் 19. வேலை முடிந்தது, டிஸ்க் அச்சுக்குத் தயார் என்று அக்டோபர் 5-இல் அறிவித்தார்கள். அதே மாதம் 27-இல் மறுபடி தள்ளினார்கள். கடைசியில் டிசம்பர் 10-இல் வந்தபோது பிஎஸ்4-இல் ஒழுங்காக ஓடவில்லை. சில நாளில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறங்குமுன் சொல்கிற விலையை யாரும் விலை என்று எடுத்துக்கொள்வதில்லை. கேமுக்கும் அதே கணக்குதான். வெளியான பிறகு, உங்கள் கன்சோலில் ஆடியவர்கள் சொல்வதை ஒரு வாரம் கேளுங்கள். கேம் எங்கேயும் ஓடிப்போகாது.

இந்தியத் தேதி தனி

வெளிநாட்டுத் தேதியை வைத்துக்கொண்டு உண்டியலை உடைக்காதீர்கள். பிஎஸ்5 2020 நவம்பரில் உலகச் சந்தைக்கு வந்தது. இங்கே 2021 பிப்ரவரி 2 வரை காத்திருந்தோம். இடையில் கிளம்பிய வதந்திகள் கொஞ்சமில்லை. தில்லியில் ஒருவர் ‘பிஎஸ்5’ என்ற பெயரைத் தனக்குப் பதிவு செய்ய முன்பே விண்ணப்பித்திருந்தார் என்ற செய்தி வந்தபோது, தாமதத்துக்கு அதுதான் காரணம் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்ட பிறகும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. ஜனவரி 12-இல் முன்பதிவு திறந்ததும் சில நிமிஷங்களில் தீர்ந்துபோனது. அன்று அதன் விலை 49,990 ரூபாய். இப்போது கன்சோல் வாங்க நினைப்பவர்கள் இன்றைய விலையோடு கேம், இரண்டாவது கன்ட்ரோலர், கரண்ட் போய்வரும் ஊராக இருந்தால் யுபிஎஸ் என்று எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

மௌனத்தைத் தப்பாகப் படிக்காதீர்கள்

ஒரு கேமைப் பற்றிச் செய்தியே இல்லை என்றால் அது செத்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சின்னக் குழுவின் கேம் அது. ஆண்டுக்கணக்கில் பேச்சு மூச்சில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு ரசிகர்கள் எதிர்பார்த்து ஏமாந்தார்கள். 2025 ஆகஸ்டில் திடீரென்று இரண்டு வாரத்தில் வருகிறது என்றார்கள். சொன்னபடி செப்டம்பர் 4-இல் வந்தது. வாங்க வந்த கூட்டத்தில் இணையக் கடைகளே திணறின. எங்கும் சிக்கிக்கொள்ளவில்லை, செய்யச் செய்ய வளர்ந்துகொண்டே போனது என்று செய்தவர்கள் சொன்னார்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஊகிப்பது வேறு, திருடியதைப் பரப்புவது வேறு. 2022 செப்டம்பரில் ஜிடிஏ 6-இன் பாதி முடிந்த காட்சிகளை யாரோ உள்ளே புகுந்து எடுத்து வெளியே விட்டார்கள். ‘கிராஃபிக்ஸ் நல்லா இல்லை’ என்று கிண்டல் செய்தவர்கள் ஏராளம். சுவர் எழும்பாத வீட்டைப் பார்த்துக் குறை சொல்வதற்கு நிகரானது அது. எங்கள் அறையில் அப்படிப்பட்ட வீடியோவை டிவியில் போட விடுவதில்லை. அதைச் செய்தவர்களின் உழைப்புக்கு நாம் தரும் மரியாதை அது.

ஊகத்தை உழைப்பாக மாற்றுங்கள்

2023 ஜூலை 31-இல் ‘வெண்பா’ என்ற கேம் வந்தது. கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்தது. எண்பதுகளில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த, எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டு எப்படி அவிப்பது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. எங்கள் டிவியில் அந்த இட்லித் தட்டு வந்தபோது துப்பாக்கி கேம் மட்டுமே ஆடும் பையன்கள்கூட எழுந்து வந்து ‘இப்படி அடுக்குங்கண்ணே’ என்று கை நீட்டினார்கள்.

அதற்குப் பிறகு நோட்டில் புதுவிதமான வரிகள் வர ஆரம்பித்தன. அடுத்த தமிழ் கேம் எதைப் பற்றி இருக்கும், யார் செய்வார்கள் என்று எழுதுகிறார்கள். இந்தியக் குழுக்களுக்குக் கைகொடுக்க சோனி ‘இந்தியா ஹீரோ புராஜெக்ட்’ என்ற திட்டம் வைத்திருக்கிறது. கோடாட், யூனிட்டி போன்ற கேம் செய்யும் மென்பொருள்களைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் காசு கொடுக்காமலே கற்கத் தொடங்கலாம். அடுத்த கேம் எப்படி இருக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவனுக்குக் கதை, வரைபடம், ஆட்ட விதி எல்லாம் தலைக்குள் ஏற்கெனவே ஓடுகிறது. அதில் ஒரு சின்ன அறையை, ஒரே ஒரு ஓட்டத்தை, ஒரு புதிரை இந்த மாதமே செய்து பாருங்கள். முடித்ததும் செம்பட்டிக்குக் கொண்டு வாருங்கள். அதை ஆட முதல் ஒரு மணி நேரம் என் கன்ட்ரோலர்களை ஓரம் வைத்துவிட்டு, உங்கள் கேமுக்கு டிவியைத் தருகிறேன்.