சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை!

நடுக்கடலில் படகின் பெட்ரோல் எஞ்சின் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. கடலோரப் பள்ளி மாணவர்களிடம் இச்சூழலைக் கூறி, காரணம் கேளுங்கள்.

எரிதலுக்கு எரிபொருள், காற்று, வெப்பம் மூன்றும் தேவை. இங்கே வெப்பம் தருவது ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி. மூன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள்.

அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப் கழன்றிருந்தால் தீப்பொறி வராது. முதலில் அதைப் பார்க்க வேண்டும். அடுத்து பிளக்கின் நுனி. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை: டேங்க் மூடியின் காற்றுத்துளை மூடியிருக்கலாம், குழாய் மடங்கியிருக்கலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்திருக்கலாம் அல்லது தீப்பொறி இல்லாதிருக்கலாம்.

காற்றுத்துளை மூடினால் பெட்ரோல் ஏன் வராது? வளிமண்டல அழுத்தப் பாடத்தை இங்கே இணைக்கலாம்.

வகுப்பில் படம் போதும், பெட்ரோல் வேண்டாம். ஒரு முறைக்கு ஒரு காரணத்தை மட்டும் சோதிக்கும் பழக்கமே இப்பாடத்தின் பயன். கரை திரும்ப உதவுவதும் அதுவே.