கியர் சைக்கிளும் ஒற்றைப் பல்சக்கரமும்



சில வீடுகளில் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று சுவரோரம் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்போம். கியர் மாற்றும் கருவி வளைந்திருக்கும்; கம்பி துருப்பிடித்திருக்கும்; அதற்கு ஏற்ற உதிரிப்பாகம் ஊர்க்கடையில் கிடைக்காது. ஆகவே வண்டியையே ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பிரேம், சக்கரம், பிரேக் ஆகிய மூன்றும் நன்றாக இருந்தால், கியரை நீக்கி, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டே பல்சக்கரங்களுடன் அதை ஓடவைக்கலாம்.

இது புதிய வழியன்று. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' சைக்கிளில், செயின் பின்சக்கரத்தை ஓட்டியது. கியர் மாற்றம் இல்லை. புகழ்பெற்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்சில்கூட, செயினைத் தள்ளி மாற்றும் கருவி 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது.

நம் மாவட்டமும் இதற்குச் சான்று. 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கம் எழுத்துடன் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் ஓட்டப் பழகினர். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிள் ஊர்வலம் வந்தனர். பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையும் ஓட்டினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்று விரும்பியவர்களும் உண்டு. அன்று ஊரில் ஓடியவை பெரும்பாலும் கியர் இல்லாத வண்டிகளே.

இனி, கணக்கைப் பார்ப்போம். முன் பல்சக்கரத்தில் 42 பற்களும் பின்னதில் 18 பற்களும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் 42 ÷ 18 = 2⅓ சுற்றுச் சுற்றும். டயரின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், வண்டி 4.9 மீட்டர் நகரும். பின்னே 14 பற்கள் வைத்தால் 6.3 மீட்டர் நகரும். ஆனால் கால் வலிக்கும். 24 பற்கள் வைத்தால் மிதிப்பது எளிது, ஆனால் 3.7 மீட்டர்தான் நகரும். பெரும்பாலும் சமவெளியான நம் ஊர்ச் சாலைகளுக்கு நடுத்தர அளவே போதும். ஆடிக் காற்றுக்கு எதிரே போகும்போதும் பாலம் ஏறும்போதும் சற்றுச் சிரமம் இருக்கும். அதுவே இம்மாற்றத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

செய்யும் முறை வருமாறு:

1. கியர் கம்பிகளையும் செயினைத் தள்ளும் கருவிகளையும் கழற்றுக. இரு பிரேக்குகளும் அப்படியே இருக்கட்டும்.

2. பழைய வண்டிகள் பலவற்றில் பின்புறப் பல்சக்கரக் கட்டு மரையில் முறுக்கப்பட்டிருக்கும். அதைத் தனிக் கருவியால் சைக்கிள் கடையில் கழற்றச் சொல்லி, அதே மரைக்குப் பொருந்தும் ஒற்றை பிரீவீலை மாட்டுக.

3. முன், பின் பல்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். விலகியிருந்தால் செயின் கழன்று விழும். முன் பல்சக்கரத்தை இடம் மாற்றியோ, வாஷர் வைத்தோ சரிசெய்யலாம்.

4. கியர் வண்டியின் ஒல்லியான செயின், சாதாரண பிரீவீலின் தடித்த பற்களில் உட்காராது. எனவே ⅛ அங்குலச் செயினை வாங்கி, நீளத்தை அளந்து வெட்டுக.

5. ஆக்ஸிலைப் பின்னுக்கு இழுத்து, சக்கரம் நேராக நிற்கும்படி இரு நட்டுகளையும் இறுக்குக. செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் அசைய வேண்டும். ஆக்ஸில் நகர இடமில்லாத பிரேமாக இருந்தால், செயினை இழுத்துப் பிடிக்கும் சிறு கருவி ஒன்று தேவைப்படும்.

6. பாவாடையும் துப்பட்டாவும் சிக்காதிருக்க, செயின் கவர் மாட்டுக. பிரேக்கைச் சோதித்த பின்னரே சாலையில் ஓட்டுக.

பராமரிப்பும் எளிது. செயினைத் துடைத்து எண்ணெய் இடுவோம். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12⅛ அங்குலமாக நீண்டுவிட்டால் செயினை மாற்ற வேண்டும். இல்லையேல் பற்கள் தேயும்.

பாகங்கள் குறைந்தால் பழுதும் குறையும். பழுது வந்தாலும் காரணம் கண்ணுக்குத் தெரியும். தொலைவிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவிக்கு, வண்டி ஒரு வாரம் கடையில் கிடப்பது சிறிய இழப்பன்று. பாடமும் போகும், பிறர் துணையை எதிர்பார்க்கும் நிலையும் வரும். நம் தாய்மாரும் பாட்டிமாரும் சைக்கிள் ஓட்டக் கற்று நமக்கு வழி திறந்தார்கள். அதைப் பழுதுபார்க்கவும் கற்பது நம் பங்கு. வீட்டில் ஒதுங்கிக் கிடக்கும் சைக்கிளை இந்த விடுமுறையில் ஒருமுறை புரட்டிப் பார்ப்போமா, தோழியரே?