ஒகேனக்கல்லுக்குப் புறப்படும் முன் கைகளை எண்ணுங்கள்



ஆடி பதினெட்டு வந்துவிட்டால் நம் மாவட்டத்தில் யார் வீட்டில் இருக்கப் போகிறார்கள்? புதுப்பெண் தாலிக்கயிறு மாற்றிக் கொள்ள வேண்டும், பெரியவர்கள் காவிரியில் முங்கி எழ வேண்டும், பிள்ளைகள் முதலையைப் பார்த்தாக வேண்டும். பென்னாகரம் தாண்டிக் காட்டு ரோட்டில் பஸ் வளைந்து வளைந்து இறங்குகிறது. பட்டணத்துக்காரர்களுக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போகிற பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது என்றால், நமக்கு ஒகேனக்கல் இருக்கிறது. அருவி, பரிசல், முதலைப் பண்ணை, எண்ணெய்க் குளியல், சுடச்சுட மீன் வறுவல் என்று ஒரு நாள் போவதே தெரியாது.

"பிள்ளைகுட்டியோடு சுற்றிப் பார்க்கப் போவதைப் பற்றிக் குடும்ப நலத்துறைக்காரர் எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வருஷம் பூராவும் காடு கழனி, செங்கல் சூளை, கட்டட வேலை என்று உழைக்கிற குடும்பத்துக்கு இப்படி ஒரு நாள் கட்டாயம் வேண்டும். போன பிள்ளை போன மாதிரியே வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் என் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஆடிப்பெருக்கு மருத்துவ முகாமில் எனக்குப் பணி. எங்களுக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு குடும்பம் வந்து அமர்ந்தது. பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் நான்கு பேர். அப்பா குப்புறப் படுத்து முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தார். அம்மா கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக் கொண்டிருந்தார். பாட்டி சோற்று மூட்டையைக் குரங்கிடமிருந்து காத்துக் கொண்டிருந்தார். சித்தப்பா கையில் செல்போன். சித்தி பெரிய பிள்ளைகள் இரண்டுக்கும் தலை துவட்டிக் கொண்டிருந்தார். இரண்டரை வயசுப் பையன் ஒருவன், உடம்பெல்லாம் எண்ணெயோடு, பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில் விளையாடிக் கொண்டிருந்தான். ஆழம் பெரியவர்களுக்கு முழங்கால் அளவுகூட இராது.

அவன் கூப்பிடவில்லை, கையை ஆட்டவில்லை, தண்ணீர் தெறிக்கவும் இல்லை. எங்கள் செவிலியர் தற்செயலாகத் திரும்பியபோது பையனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார். எண்ணெயில் வழுக்கி விட்டது. மறுபடி இடுப்போடு சேர்த்து வாரி எடுத்தார். பையன் இருமினான், வாந்தி எடுத்தான், பிறகு அழுதான். அவன் அழுத பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். "நீ பாத்துக்கறேன்னு நெனச்சேன் புள்ள" என்றார் அப்பா. "உங்க தம்பிகிட்ட இருக்கான்னுல்ல நெனச்சேன்" என்றார் அம்மா. தம்பியோ அண்ணியைக் கை காட்டினார். ஐந்து பேரும் அன்பானவர்கள்தான், ஒருவர்மீதும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பையன் யார் பொறுப்பு என்று வாய் திறந்து யாரும் சொல்லி வைக்கவில்லை. அவ்வளவுதான் அங்கே குறை.

பிள்ளைக்கு ஒரு ஆள்

ஆகவே, வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஐந்து வயசுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி ஒரு பெரியவர். "இந்தாங்க, சின்னவன் உங்க பொறுப்பு, நான் சோறு எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். வாங்கிக் கொள்கிறவர் "சரி, எங்கிட்ட இருக்கான்" என்று வாயால் சொல்ல வேண்டும். பொறுப்பில் இருக்கிறவர் எண்ணெய் தேய்க்கப் படுக்கக் கூடாது, செல்போன் பார்க்கக் கூடாது, மது பக்கமே போகக் கூடாது. அலுத்து விட்டால் மாற்றி விடுங்கள், அதையும் சொல்லி மாற்றுங்கள். எட்டு வயசு அக்காவிடம் தம்பியை விட்டுவிட்டுப் போவது பொறுப்பை ஒப்படைப்பது ஆகாது. அவளும் குழந்தைதான்.

இங்கே ஆண்களிடம் ஒரு வார்த்தை. "ஆம்பளை இடுப்புல புள்ளய வெச்சுக்கிட்டு நடந்தா நாலு பேர் சிரிப்பாங்க" என்று இன்னும் சில ஊர்களில் சொல்கிறார்கள். சிரிக்கிறவர் சிரிக்கட்டும் ஐயா. உங்கள் வீட்டுக்காரி காலை நான்கு மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறியிருக்கிறார். அருவியை அவரும் ஒரு அரை மணி நேரம் நிம்மதியாகப் பார்க்கட்டுமே.

தண்ணீர் விஷயம்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை. சினிமாவில் காட்டுவது போல அவர்கள் கத்துவதில்லை. சின்னக் குழந்தைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை கனம் அதிகம். கவிழ்ந்து விழுந்தால் தானாக நிமிர முடியாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு தண்ணீர் இருந்தால் போதும், வீட்டு அண்டாவிலும் இது நடக்கும்.

ஆற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. நமக்கு வானம் வெளுத்திருக்கும், ஒரு சொட்டு மழை இராது. ஆனால் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டினால், கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, திறந்து விட்ட தண்ணீர் இங்கே வந்து சேரும். பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கனஅடி என்று பேப்பரில் போடுகிறார்களே, அது விவசாயிக்கு மட்டும் உள்ள செய்தி அல்ல. குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருந்தால், "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று வேறு துறை தேடி இறங்காதீர்கள். முதலைப் பண்ணையைப் பார்த்துவிட்டு, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள்.

பரிசலில் ஏறினால் உயிர்காப்பு மேல்சட்டை எல்லோருக்கும் வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை அளவிலேயே கேட்டு வாங்குங்கள். பெரியவர் சட்டையைப் போட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேலே கழன்று போகும். அளவு இல்லை என்றால் அந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரும் கரையிலேயே இருக்கட்டும். பரிசலில் எழுந்து நின்று படம் எடுப்பது, எல்லோரும் ஒரு பக்கம் சாய்வது இரண்டும் கூடாது. 2015-இல் இங்கே பரிசல் கவிழ்ந்து, சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர் இறந்ததை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பெங்களூர் பக்கம் பிடதியில் இருப்பது போன்ற பெரிய பூங்காக்களுக்கு வேன் வைத்துப் போகிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான். அங்கே ராட்டினத்துக்கு முன்னால் உயரம் அளக்கும் கோல் வைத்திருப்பார்கள். "நாலு விரக்கடைதானே குறையுது, விடுங்க சார்" என்று கெஞ்சாதீர்கள். அந்த உயரம் இல்லாத பிள்ளையை இருக்கைப் பட்டை இறுக்கிப் பிடிக்காது. கர்ப்பிணிகள் குலுக்குகிற ராட்டினம் எதிலும் ஏற வேண்டாம்.

ஒருவேளை பிள்ளை தண்ணீரில் மூழ்கி விட்டால்? நீச்சல் தெரியாதவர் குதிக்காதீர்கள், ஒன்று இரண்டாகும். வேட்டி, சேலை, கயிறு, மூடி போட்ட காலி கேன், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். வெளியே எடுத்ததும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். இரண்டும் தவறு. வயிற்றுத் தண்ணீர் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கும், பொன்னான நிமிஷங்களும் போய்விடும். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, மோவாயை லேசாகத் தூக்குங்கள். மூச்சு இல்லை என்றால், மூக்கைப் பிடித்துக் கொண்டு வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்புகிற மாதிரி ஐந்து முறை ஊதுங்கள். அதன் பிறகு நடு நெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி வேகமாக 30 முறை அமுக்கி, 2 முறை ஊதுங்கள். உதவி வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இன்னொருவர் 108-க்குப் பேசட்டும். பிள்ளை கண் விழித்து அழுதாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான் வேண்டும். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

கூட்டத்தில் காணாமல் போகிற பிள்ளைகளும் உண்டு. அப்பா பேர், ஊர்ப் பேர் சொல்லப் பழக்குங்கள். செல்போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைக்கு உள்பக்கம் ஊக்கு குத்தி விடுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் ஓரம் பாருங்கள், மற்ற இடம் பிறகு. உடனே போலீஸ்காரரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில்

சாயங்காலப் பஸ்ஸில் ஒரு தாயை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மடியில் பத்து மாசக் குழந்தை, தோளில் தூங்கி விழும் இரண்டு வயசுப் பிள்ளை, வயிற்றில் இன்னொன்று. காலையிலிருந்து அருவியின் ஒரு துளியும் அவர் மேல் பட்டிருக்காது. பக்கத்திலேயே கணவர் மூத்ததைப் பிடித்துக் கொண்டு நிற்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் இரண்டு கைதான். கைகளை எண்ணுங்கள் என்றேனே, எண்ணிப் பார்த்தால் இங்கே போதவில்லை.

ஒரு பிரசவம் ஆனபின் குறைந்தது இரண்டு ஆண்டு கழித்துத்தான் அடுத்த கர்ப்பம் என்று வைத்துக் கொண்டால், பிள்ளைகளுக்கு நடுவே ஏறத்தாழ மூன்று ஆண்டு இடைவெளி வரும். தாயின் ரத்தமும் உடம்பும் தேறும், கைக்குழந்தைக்குப் பால் குறையாது. மூத்தது அதற்குள் நடக்கும், பேசும், "அம்மா, தம்பி தண்ணிகிட்ட போறான்" என்று கூவவும் செய்யும். இதற்கு ஆணுறை, தினசரி மாத்திரை, வாரந்தோறும் சாப்பிடும் சாயா மாத்திரை (முதல் மூன்று மாதம் மட்டும் வாரம் இரண்டு), மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, பல ஆண்டு பலன் தரும் காப்பர்-டி ஆகியவை அரசு நிலையங்களில் இலவசம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே காப்பர்-டி வைத்துக் கொள்ளலாம். எது ஏற்றது என்று இருவருமாகச் சேர்ந்து கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு வாசலில் பீடி பிடித்துக் கொண்டு நிற்க வேண்டாம். முடிவு உங்களுடையது, யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆறு மாசம் நிரம்பாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். மற்றவர்களுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். 2013 முதல் நம் ஊர்களுக்குக் குழாயில் வருவதும் இந்த ஆற்றுத் தண்ணீர்தானே என்பீர்கள். அது சுத்திகரித்து வருகிறது, ஆற்றில் அள்ளிக் குடிப்பது வேறு.

இவ்வளவு பார்த்தும் மறுநாள் பிள்ளைக்கு வயிற்றாலே போகலாம். சோறு தண்ணீரை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுசாக ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பின்பும் இரண்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், பெரிய பிள்ளைக்கு அரையிலிருந்து ஒரு டம்ளர் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கரைத்தது ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். "வெறும் உப்புத் தண்ணி என்ன செய்யும்?" என்று நினைக்காதீர்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்து போனபோது, திலீப் மகலநாபிஸ் என்ற டாக்டர் இதே மாதிரிக் கரைசலைப் பீப்பாயில் கலந்து கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

கண் குழி விழுந்தாலும், பிள்ளை துவண்டு கிடந்தாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள். அங்கே துத்தநாக மாத்திரையும் தருவார்கள். வயிற்றுப்போக்கு இரண்டு நாளில் நின்று விட்டாலும் மாத்திரையை 14 நாளும் கொடுத்து முடியுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், ஏதாவது ஊசி விட்டுப் போயிருந்தால் எந்தப் புதன்கிழமை வர வேண்டும் என்று செவிலியர் பார்த்துச் சொல்வார்.