நரகப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதை



நம் விடுதியில் ஞாயிறு இரவுதோறும் கணிப்பொறியைச் சூழ்ந்து அமர்ந்து இரயில் ஓட்டும் கூட்டம் ஒன்று உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். 'ஓப்பன் ரெயில்ஸ்' என்னும் இலவசச் சிமுலேட்டரில் இதுநாள் வரை பிறர் அமைத்த பாதைகளில்தாம் வண்டி ஓட்டினோம். இவ்வாண்டு நாமே ஒரு பாதையை அமைப்பது என்று முடிவாயிற்று. கூட்டத்தில் நால்வர் செருமன் மொழி பயில்கின்றனர்; ஆதலால் செருமானிய நாட்டின் பழம்பாதை ஒன்றையே எடுப்பது என்பதிலும் வழக்கில்லை. எந்தப் பாதை என்பதில்தான் வழக்கு.

1835இல் நூரன்பர்க்கிலிருந்து பியூர்த் நகருக்கு 'ஆட்லர்' என்னும் நீராவிப் பொறி ஓடிய பாதையை ஒரு நண்பர் கேட்கிறார். செருமனியின் முதல் நீராவி இரயில் அது. பெருமை பெரிது, ஆனால் பாதையோ ஆறு கிலோமீட்டர், அதுவும் சமதரை. தேநீர் ஆறுமுன் பயணம் முடிந்துவிடும். 1933இல் மணிக்கு 160 கிலோமீட்டர் விரைவில் ஓடிய 'பறக்கும் ஹாம்பர்க்க'ரை எண்ணி, பெர்லின்–ஹாம்பர்க் பாதையை மற்றொரு நண்பர் கேட்கிறார். அஃது 280 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். நம் தேர்வுகளுக்கிடையே அதனை அமைத்து முடிக்க இயலாது. நான் முன்மொழிவது ஹொல்லென்டால் பாதை. காரணங்களைக் கீழே தருகிறேன், படித்துவிட்டு வாக்களியுங்கள்.

இடமும் வரலாறும்

செருமனியின் தென்மேற்கு மூலையில் கருங்காடு என்று பொருள்படும் பெயருடைய மலைத்தொடர் இருக்கிறது. அதன் மேற்கு அடிவாரத்தில் ஃபிரைபர்க் நகரம். அங்கிருந்து கிழக்கே மலையேறும் இடுக்கு வழிக்கு ஹொல்லென்டால், அதாவது நரகப் பள்ளத்தாக்கு என்று பெயர். வியப்பு என்னவெனில், பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள நிலையத்தின் பெயர் ஹிம்மல்ரைஹ். அதன் பொருள் விண்ணரசு. விண்ணரசைக் கடந்துதான் நரகத்துள் நுழைய வேண்டும்!

ஃபிரைபர்க் முதல் நொய்ஷ்டாட் வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 1887 மே மாதம் திறக்கப்பட்டது. திட்டமிட்டவர் இராபர்ட் கெர்விக். கருங்காட்டின் நடுவே பெரும்பாதை ஒன்றை 1873இல் முடித்துப் புகழ்பெற்ற பொறியியலார் அவர். ஹொல்லென்டாலில் வண்டி ஓடக் காணாமலே 1885இல் மறைந்தார். சரிவு மிகுந்த பகுதியில் இரு தண்டவாளங்களுக்கு இடையே பல்சட்டம் பதிக்கப்பட்டது. பொறியின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறியது. நம் நீலகிரி மலை இரயிலில் சென்றவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1927இல் ரவென்னா ஓடையின் மீது 224 மீட்டர் நீளமும் ஒன்பது வளைவுகளும் கொண்ட புதிய கற்பாலம் எழுந்தது. 1933இல் பல்சட்டத்தைக் கைவிட்டனர். 85ஆம் வகை என்னும் பெரிய நீராவிப் பொறிகள் வந்துவிட்டதே காரணம்.

ஏற்றத்தின் கணக்கு

பல்சட்டம் இன்றி அந்தப் பொறி எப்படி ஏறியது? சிறு கணக்கு ஒன்று போடுவோம். பாதையின் சரிவு ஏறத்தாழ 18க்கு 1. பொறியின் எடை 133 டன். பெட்டிகள் 200 டன் என்று கொள்வோம். மொத்தம் 333 டன். இதனைச் சரிவு பின்னோக்கி இழுக்கும் விசை 333ஐ 18ஆல் வகுத்தால் கிடைக்கும் பதினெட்டரை டன். பொறியின் உந்துசக்கரங்கள் மீது நிற்கும் எடை 100 டன். உலர்ந்த தண்டவாளத்தில் அதில் கால்பங்கு, அதாவது 25 டன் அளவுக்குப் பிடிப்பு உண்டு. வண்டி ஏறிவிடும். தண்டவாளம் நனைந்து பிடிப்பு நூற்றுக்குப் பதினைந்தாகக் குறைந்தால் கிடைப்பது 15 டன்தான். சக்கரம் நின்ற இடத்தில் சுழலும்; வண்டி நகராது. மணல் தூவ வேண்டும். அல்லது பின்னால் மற்றொரு பொறி தள்ள வேண்டும்.

என் தந்தையார் சக்ரதர்பூரில் சரக்கு வண்டி ஓட்டுநர். விருதுநகர்ச் சீமையிலிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்தவர். "அடைமழைக்குப் பயமில்லை தம்பி, முதல் தூறலுக்குத்தான் பயம்" என்று அவர் அடிக்கடி சொல்வார். தண்டவாளத்தில் படிந்த அழுக்கும் எண்ணெய்ப் பசையும் தூறலில் குழைந்து வழுக்கும். அடைமழை அவற்றைக் கழுவிவிடும். உராய்வைப் பற்றி நான் நூல்களில் படித்ததை அவர் சக்கரத்தில் கற்றிருந்தார்.

இறக்கமும் எளிதன்று. ஹின்டர்ட்சார்டன் நிலையத்திலிருந்து ஹிம்மல்ரைஹ் வரை, பன்னிரண்டு கிலோமீட்டருக்குள், பாதை ஏறத்தாழ 430 மீட்டர் இறங்குகிறது. அந்த 333 டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 390 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அத்தனையையும் தடைகள் வெப்பமாக்கித் தொலைக்க வேண்டும். மெய்யான ஓட்டுநர் திறமை அங்கேதான் தெரியும். சமதரையில் ஓட்டிப் பழகிய நம் கூட்டத்துக்கு இது நல்ல பள்ளி.

மின்சாரச் சோதனை

நான் இப்பாதையை வேண்டுவதற்குத் தலையாய காரணம் இனிமேல்தான் வருகிறது. செருமானிய இரயில்வே 1912 முதல் 15,000 வோல்ட், வினாடிக்குப் பதினாறே முக்கால் சுழற்சிக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டத்தையே பொதுமுறையாகக் கொண்டிருந்தது. சரியாகச் சொன்னால், 50 சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கு. சுழற்சி மிகுந்தால் அக்காலத்து மோட்டார்களின் திசைமாற்றியில் தீப்பொறி பறந்து கேடு செய்தது. அதனால் சுழற்சியைக் குறைத்தார்கள். விளைவு, வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் செல்லும் 50 சுழற்சி மின்சாரம் இரயிலுக்கு நேரே உதவாது. தனி மின்நிலையமோ மாற்றும் எந்திரமோ வேண்டியதாயிற்று.

பொது மின்சாரத்தையே நேராக இரயிலுக்குத் தர முடியாதா என்று ஆராய 1936இல் ஹொல்லென்டாலில் சோதனை தொடங்கியது. 20,000 வோல்ட், 50 சுழற்சி. வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு முறையில் அமைத்த நான்கு பொறிகள் ஒரே மலையில் போட்டியிட்டன. இரண்டு, பாதரசத் திருத்திகளால் மின்னோட்டத்தை ஒருதிசையாக்கின. ஒன்று, 50 சுழற்சிக்கென்றே அமைத்த மோட்டாரை நேரே இயக்கியது. மற்றொன்று, ஒற்றை மின்னோட்டத்தைப் பிரித்துப் பல நிலையாக்கியது. இரயிலுக்குள் ஓர் ஆய்வுக்கூடம் என்றே சொல்லலாம்.

போர் முடிந்ததும் அப்பகுதி பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்குள் வந்தது. பின்வாங்கிய செருமானியப் படை 1945இல் தகர்த்த ரவென்னாப் பாலம் மீண்டும் கட்டப்பட்டது. பிரெஞ்சுப் பொறியியலார் இச்சோதனையை ஊன்றிக் கற்றுத் தம் நாட்டு மலைப்பாதை ஒன்றில் வளர்த்தனர். அதுவே 25,000 வோல்ட் முறையாக முதிர்ந்தது. பிரெஞ்சு இரயில்வேயின் ஆலோசனையோடு இந்தியா 1957இல் அம்முறையை ஏற்றது. 1959 டிசம்பரில் நம் நாட்டில் அம்முறையில் முதல் வண்டி ஓடியது ராஜ்கர்சவானுக்கும் கெந்த்போசிக்கும் இடையே. சக்ரதர்பூரின் பக்கத்து ஊர் அது!

சிறுவனாக இருந்தபோது, "ஏனப்பா அந்தக் கம்பியில் 25,000 வோல்ட்?" என்று தந்தையாரைக் கேட்டேன். "அது அப்படித்தான் வந்தது தம்பி" என்றார். எங்கிருந்து வந்தது என்று இப்போது அறிகிறேன். 1960இல் ஹொல்லென்டாலையே செருமானியர் தம் பழைய முறைக்கு மாற்றிவிட்டனர். பெற்ற இடத்தில் நிலைக்காத பிள்ளை எங்கள் ஊரில் வந்து வாழ்கிறது.

எந்த ஆண்டு?

சோதனை தொடங்கிய 1936ஐயே அமைக்கலாம் என்று தோன்றும். நான் உடன்படேன். அது நாஜிகளின் ஆட்சிக்காலம். 1940 அக்டோபரில் இந்தப் பேடன் நாட்டிலிருந்தும் அதன் அண்டைப் பகுதியிலிருந்தும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் பிரான்சின் கூர்ஸ் முகாமுக்குக் கொண்டு சென்றவை இரயில் வண்டிகளே. கொக்கிச் சிலுவை தாங்கிய பொறியை விளையாட்டாக ஓட்ட என் கை வாராது. ஆகவே 1955ஐ முன்மொழிகிறேன். பாலம் மீண்டும் நிற்கிறது. 50 சுழற்சி மின்சாரம் ஓடுகிறது. 85ஆம் வகை நீராவிப் பொறியும் இன்னும் பணியில் இருக்கிறது. இரண்டையும் ஓட்டலாம்.

செய்ய வேண்டியவை

நிலத்தின் உயரக் கணக்கு, 2000இல் விண்ணோடம் அளந்து தந்ததே இலவசமாகக் கிடைக்கிறது. சரிவு, வளைவு, கைகாட்டி இவற்றைப் பழைய படங்களிலிருந்து திரட்ட வேண்டும். செருமன் பயிலும் நால்வருக்கு அது வேலை. பாலத்தையும் நிலையங்களையும் வரையக் கட்டடக்கலை மாணவர் இருவர் வேண்டும். பிடிப்புக் கணக்கை நான் ஏற்கிறேன். முதலில் ஹிம்மல்ரைஹ் முதல் ஹின்டர்ட்சார்டன் வரை மட்டும் அமைப்போம்; கைவந்தால் இருபுறமும் நீட்டுவோம்.

தந்தையார் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அதற்குமுன் இப்பாதை முடிந்தால், அவரை இங்கு அழைத்து வந்து கணிப்பொறியின் முன் அமர்த்தி, முதல் தூறலில் அந்த மலையை ஏறச் சொல்வேன். நாம் போட்ட கணக்கு சரியா தவறா என்று அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். வாக்களிப்பீர், தோழர்களே!