இடிபட்ட வண்டி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது? – நம்பிக்கைகளும் உண்மைகளும்

கண்மாய்க் கரையிலோ பாலத்துக் கட்டையிலோ முன்சக்கரம் மோதிய குட்டி யானை, பட்டறையில் முகப்பும் விளக்கும் மாற்றப்பட்டுப் புதுசுபோல வெளியே வருகிறது. காரைக்குடி தாண்டி நேர்ச்சாலையில் ஏறியதும் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. உடனே கிடைக்கும் யோசனை: "அலைன்மென்ட் பார்த்தால் சரியாகிவிடும்." இந்த நம்பிக்கைதான் அதிகம் பரவியது, அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

அலைன்மென்ட் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது டோ சரிசெய்தல் மட்டுமே. முன்சக்கரங்கள் இரண்டும் முன்னால் நெருங்கியோ விலகியோ நிற்கும் அளவுதான் டோ. இரண்டையும் டை ராடு பிணைத்திருப்பதால் டோவில் வரும் பிழையை இரு சக்கரங்களும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். டயர் ஓரம் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஆனால் வண்டி பொதுவாக ஒரு பக்கம் இழுக்காது. கோணலான ஸ்டீயரிங்கும் இழுவையும் வெவ்வேறு கோளாறுகள்.

இழுவைக்குக் காரணமான கோணங்கள் வேறு. சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாய்ந்திருக்கும் அளவு கேம்பர். எந்தப் பக்கச் சக்கரம் அதிகம் வெளியே சாய்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். சைக்கிளின் முன் போர்க் சாய்ந்திருப்பதுபோல, சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு கேஸ்டர். மோதலில் ஒரு சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு அங்கே கேஸ்டர் குறைந்தால், அந்தப் பக்கமே இழுக்கும். குட்டி யானை என்று அழைக்கப்படும், 2005-இல் வந்த டாடா ஏஸில் முன்பக்கமும் முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும்தான். கேம்பரைத் திருகிச் சரிசெய்ய அதில் ஆணி கிடையாது. கோணம் மாறியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது அல்லது இடம் நகர்ந்திருக்கிறது என்றே பொருள். அந்த நிலையில் டோவை எத்தனை முறை திருகினாலும் காசுதான் கரையும்.

"கையை விட்டால் இடப்பக்கம் ஒதுங்குகிறது, ஆகவே கோளாறு" என்பது இன்னொரு அவசர முடிவு. மழைநீர் வடிய, தார்ச்சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுமார் 2 விழுக்காடு சரிவாகப் போடப்படுகிறது. 3.5 மீட்டர் தடத்தில் அது 7 சென்டிமீட்டர் இறக்கம். இடப்பக்கம் ஓடும் வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்வது இயல்பு. சமதளமான வெற்று மைதானத்தில், மெதுவாக, இரு திசையிலும் ஓட்டிப் பார்த்த பிறகே இழுவை என்று முடிவுகட்ட வேண்டும்.

அதற்கும் முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும். காற்று குறைந்த பக்கம் இழுக்கும். பிறகு முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும்; இழுவையும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். பிரேக் பிடித்தால் மட்டும் இழுத்தால் பிரேக் பக்கம் போக வேண்டும். சற்றுத் தூரம் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓடி நின்றதும் ஒரு சக்கரத்தின் டிரம் மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது. மோதலில் நசுங்கிய பிரேக் குழாயும் இதைச் செய்யும்.

"சேஸிஸ் கண்ணுக்கு நேராகத்தான் இருக்கிறது" என்ற சமாதானம் எதையும் நிரூபிக்காது. கண் ஒரு அளவுகோல் அல்ல. செட்டிநாட்டுக் கொத்தனார் வாசல் கால் நாட்டும்போது கண்ணை நம்புவதில்லை. தூக்குக்குண்டு விட்டு, மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்க்கிறார். அதே கருவிகள் இங்கேயும் போதும். வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, சேஸிஸின் இரு பக்கமும் ஒத்த இடங்களிலிருந்து குண்டு விட்டு, சாக்குக்கட்டியால் புள்ளி குறிக்க வேண்டும். வண்டியை நகர்த்திவிட்டு மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் அளந்தால், வித்தியாசம் சேஸிஸ் கோணலைச் சொல்லிவிடும்.

அடுத்து, இரு பக்கமும் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரையுள்ள தூரம். ஏஸில் இது 2,100 மில்லிமீட்டர். அந்த எண்ணைவிட இடமும் வலமும் ஒத்திருப்பதே முக்கியம். ஒரு பக்கம் குறைந்தால் பட்டையின் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நழுவியிருக்கலாம். யூ போல்ட் இறுக்கமாகத் தெரிவதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பின் அச்சு இப்படி நழுவினாலும் வண்டி தூரம் குறைந்த பக்கமே திரும்பப் பார்க்கும். முன்பக்கத்தை எவ்வளவு சரிசெய்தாலும் தீராது.

"காய்ச்சி நிமிர்த்தினால் பழையபடி ஆகிவிடும்" என்பது ஆபத்தான நம்பிக்கை. ஸ்டப் ஆக்ஸில், டை ராடு போன்றவை பதமேற்றிய எஃகு. வாயுச் சுடரில் சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும். நிமிர்ந்து நிற்கும், பின்னொரு நாள் பாரத்தோடு போகும்போது முறியும். வளைந்த ஸ்டீயரிங் பாகத்தை மாற்றுவதே வழி. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கக்கூடும் என்பதால் கழற்றிய பாகத்தை மறுபடி மாட்டக் கூடாது.

மணலிலும் தோட்டத்திலும் ஓட்டும் ஏ.டி.வி.க்கும் வரிசை இதுவே, நுணுக்கம் மட்டும் கூடுதல். அதன் டயர்களில் காற்று பெரும்பாலும் 5 பி.எஸ்.ஐ. அளவில்தான் இருக்கும்; 1 பி.எஸ்.ஐ. வித்தியாசமே பெரிது, குறைந்த அழுத்தம் காட்டும் அளவுமானி தேவை. டிஃபரன்ஷியல் இல்லாத ஒற்றைப் பின் அச்சு உள்ள வகைகளில், பின் டயர்களின் சுற்றளவு வேறுபட்டாலே வண்டி இழுக்கும். முன்னால் மோதினால் முதலில் வளைவது மெல்லிய டை ராடு. அதை மாற்றியும் இழுவை நிற்காவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் ஏ-ஆர்மையும் அது சேஸிஸில் பொருந்தும் காதுகளையும் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். அந்தக் காது வளைந்திருக்கும்போது புது ஏ-ஆர்ம் போட்டால், அதுவும் பழைய கோணத்திலேயே நிற்கும்.