கைவிடப்பட்ட குதிரையை ஏற்று வளர்த்தல்

பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட குதிரையும், சவாரிக்கு உதவாதென ஒதுக்கப்பட்ட மட்டக்குதிரையும் போதிய உணவின்றி மலைநாட்டு நகர்ப்புறங்களில் அலைவதுண்டு. அத்தகைய விலங்கொன்றை மீட்டுத் தமது தோட்டத்தில் வளர்க்க முன்வரும் கமக்காரர் பாராட்டுக்குரியர். ஆயின், மாடு வளர்த்த அனுபவத்தை மட்டும் துணையாகக் கொண்டு குதிரையைப் பராமரிக்க முற்படுதல் ஆபத்தானது. பட்டினியால் மெலிந்த குதிரை மீட்கப்பட்ட பின்னரும் இறத்தல் கூடும். இரக்க மிகுதியால் முதல் நாளிலேயே வயிறு நிறைய இடப்படும் தானியமும் தவிடும் அதற்குக் காரணமாகலாம்.

ஏற்குமுன் ஆராய வேண்டியவை

குதிரை 25 முதல் 30 ஆண்டு வரை வாழக்கூடியது. அதன் பராமரிப்புச் செலவு ஒரு போகத்துடன் முடிவதன்று. சேற்று வயலில் எருமை செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்த்தலும் தகாது. ஆகவே நிழலான கொட்டில், உறுதியான வேலி, தூய நீர், ஆண்டு முழுவதும் புல் ஆகியவற்றுக்கு வழியுண்டா என முதலில் ஆராய்தல் வேண்டும். உரிமையாளரிடமிருந்து எழுத்து மூலம் சம்மதம் பெறுதலும் அவசியம். நெடுந்தீவில் கூட்டமாகத் தாமே வாழும் குதிரைகள் கைவிடப்பட்டவை அல்ல. அவற்றைப் பிடித்து வர எண்ணுதல் கூடாது.

மாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள வேறுபாடு

மாடு நான்கு அறைகளைக் கொண்ட இரைப்பையில் உணவை ஊறவைத்து, மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும். குதிரைக்கு உள்ளது ஓர் அறை கொண்ட சிறிய இரைப்பையே. அது 8 முதல் 15 இலீற்றர் வரையே கொள்ளும். நார்ப்பொருள் பின்னுள்ள பெருங்குடலிலேயே செரிக்கின்றது. குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. ஆகவே ஒரே வேளையில் அதிகம் உண்டாலும், கெட்ட உணவை உண்டாலும் அதற்குக் கடும் வயிற்றுவலி உண்டாகும். சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதே அதன் இயல்பு.

முதற் பத்து நாள்

பட்டினி கிடந்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே உயிர் வாழ்கின்றது. அந்நிலையில் மாப்பொருள் மிகுந்த தானியம் உட்சென்றால் இன்சுலின் பெருகும். அதனால் குருதியிலுள்ள பொசுபரசு, மகனீசியம், பொற்றாசியம் ஆகியன விரைவாகக் கலங்களுக்குள் இழுக்கப்படும். குருதியில் இவை குறையவே இதயமும் சுவாசமும் தளர்ந்து, சில நாட்களுள் விலங்கு இறக்கக்கூடும். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 ஆம் ஆண்டளவில், சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டு உணவளிக்கப்பெற்ற மனிதரிடத்தும் இந்நிலை காணப்பட்டது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மெலிந்த குதிரைகளுக்கு வெவ்வேறு தீவனங்கள் கொடுத்து ஆராயப்பட்டது. மாப்பொருள் குறைந்ததும், புரதமும் பொசுபரசும் மகனீசியமும் நிறைந்ததுமான உலர்ந்த குதிரைமசாலே சிறந்ததெனக் கண்டனர். ஏறத்தாழ 450 கிலோ எடை இருக்க வேண்டிய குதிரைக்கு அவர்கள் வகுத்த முறை வருமாறு:

1. முதல் மூன்று நாள்: 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ அளவு, இரவிலும் இம்முறை தவறலாகாது.
2. நான்காம் நாள் முதல்: அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வேளைகளைக் குறைத்தல். ஆறாம் நாளளவில் 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ 2 கிலோ.
3. பத்தாம் நாளின் பின்: விரும்பிய அளவு உலர்தீவனம், நாளுக்கு இருவேளை.

மட்டக்குதிரைக்கு எடைக்கேற்ப அளவைக் குறைத்தல் வேண்டும். குதிரைமசால் கிடைக்காவிடத்து, நன்கு உலர்ந்த, பூஞ்சணமற்ற கச்சான்கொடி போன்ற அவரையினத் தீவனத்தை மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி கொடுக்கலாம். தூய நீர் எப்பொழுதும் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். இழந்த உடல் மீண்டும் தேறுவதற்குப் பல மாதங்கள் செல்லும், அவசரப்படுதல் ஆகாது. படுத்த குதிரை எழ இயலாதிருப்பின் அன்றே வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

விலக்க வேண்டிய தீவனங்கள்

மாட்டுத்தீனும் கோழித்தீனும்: இவற்றுட் சிலவற்றில் மொனென்சின் என்னும் மருந்து கலக்கப்படுகின்றது. கோழிக்குப் பயன்படும் அம்மருந்து, சிறிதளவேயாயினும் குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொல்லும்.

பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் சோளமும்: முன்னது சுவாசத்தைக் கெடுக்கும். பின்னது மூளையைத் தாக்கி மரணம் விளைவிக்கும்.

இப்பில் இப்பில் இலை: ஆடு மாடு விரும்பி உண்ணும் இவ்விலை குதிரையின் பிடரிமயிரையும் வால்மயிரையும் உதிரச் செய்யும்.

தவிடு: இதில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. செற்றேரியா, கிக்குயு முதலிய புற்களிலுள்ள ஒட்சலேற்றோ உண்ணும் கல்சியத்தையும் உடலிற் சேரவிடாது. இவ்விரண்டையுமே நெடுங்காலம் உண்ணும் குதிரை எலும்பிலுள்ள கல்சியத்தை இழக்கும், நொண்டும், முகவெலும்பும் வீங்கும். குதிரை தேறிய பின்னரும் தவிட்டைப் பிரதான உணவாக்கலாகாது. பலவகைப் புற்களைக் கலந்து கொடுத்து, வைத்தியர் கூறும் அளவில் கல்சியமும் சேர்த்தல் வேண்டும்.

பிற பராமரிப்பு

புதிய குதிரையை ஏனைய குதிரைகளிலிருந்து மூன்று கிழமையாவது பிரித்து வைத்தல் நன்று. ஏற்புவலி குதிரையை எளிதிற் பற்றும் நோயாதலால் தடுப்பூசி அவசியம். பூச்சிமருந்தை வைத்தியர் குறிக்கும் நாளிலேயே கொடுத்தல் வேண்டும். குளம்பை 6 முதல் 8 கிழமைக்கொருமுறை சீர்செய்தலும், பற்களை ஆண்டுக்கொருமுறை சோதிப்பித்தலும் வேண்டும். குதிரை வயிற்றைத் திரும்பிப் பார்த்தல், நிலத்தைக் காலாற் கீறுதல், புரளுதல், சாணமிடாதிருத்தல் ஆகியன வயிற்றுவலியின் அறிகுறிகளாகும். அப்பொழுது தீவனத்தை உடனே நிறுத்தி வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

தோட்டத்துக்குப் பயன்

450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ சாணம் தரும். மரக்கறிப் பாத்திக்கு இது சிறந்த பசளையாகும். எனினும் புதிய சாணத்தில் களைவிதைகளும் ஏற்புவலிக் கிருமிகளும் இருத்தல் கூடும். ஆதலின் அதனை வைக்கோலுடன் கலந்து குவித்து, இடையிடையே புரட்டி, நன்கு மக்கிய பின்னரே இடுதல் வேண்டும். கையிலோ காலிலோ புண்ணுள்ளவர் அதனை வெறுங்கையாற் கையாளலாகாது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மெலிந்த குதிரைக்கு முற்றிலும் பொருந்தும். அதற்கு முதலில் வேண்டுவது நிறைந்த தொட்டியன்று. நேரந்தவறாத சிறு பிடித் தீவனமே. குதிரையைத் தோட்டத்துக்குக் கொண்டுவருமுன் அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்தியரைக் கண்டு ஆலோசனை பெறுக.